மாத்திரை விலை பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மாதாமாதம் நம் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் போன மாதம் வரவேயில்லை. தெருவில் பார்த்து விசாரித்தபோது, "ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சுகர் மாத்திரை போடுறேன் தம்பி, கட்டுப்படியாகலை" என்றார். அவருடையது மெட்ஃபார்மின். அதே மருந்து, அதே அளவில், வேறு கம்பெனிப் பெயரில் எங்கள் அலமாரியிலேயே விலை குறைவாக இருந்தது. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறோம்.

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர், இன்னொன்று மருந்தின் பெயர். உங்கள் உடம்பில் வேலை செய்வது இரண்டாவதுதான். விலை மாறுவது பெரும்பாலும் முதலாவதால். அப்படியென்றால் நீங்களே மாற்றிக் கொடுக்கலாமே என்பீர்கள். டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரை எழுதியிருந்தால், அதே மருந்தே ஆனாலும் வேறு கம்பெனியுடையதை நாங்களாக மாற்றித் தரச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் டாக்டரிடமே, "விலை குறைந்ததாக எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் மருந்தின் பெயரை மட்டும் எழுதுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை மட்டும் டாக்டர் சொல்லாமல் கம்பெனி மாற்றவே கூடாது.

எங்களுக்கு நட்டம்தான், இருந்தாலும் சொல்கிறோம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரஷர், சுகர் மாத்திரைகள் இலவசம். நடமாட முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. எங்கே வாங்கினாலும் சரி, நாள் தவறாமல் போடுங்கள்.

வரி விஷயமும் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய இருப்பின் அட்டையில் பழைய விலையே அச்சாகியிருந்தாலும் பில்லில் புது விலைதான் வர வேண்டும். பில் வாங்காமல் போகாதீர்கள்.

அட்டையை வெட்டித் தரும்போது காலாவதி தேதி உள்ள பக்கத்தை நாங்கள் வைத்துக்கொள்வது பலருக்கு எரிச்சல். கடைசி மாத்திரை விற்கும்வரை அந்தத் தேதி கடையில் இருந்தாக வேண்டும், வேறு காரணமில்லை. உங்களுக்குத் தேதி தெரிய வேண்டுமானால் பில்லில் இருக்கிறது.

அப்புறம் காய்ச்சல். பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரை போட்டுவிட்டு மூக்கொழுகலுக்கென்று சளி மாத்திரையும் சேர்த்துப் போடுகிறார்கள். பல சளி மாத்திரைகளுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. பெரியவர்களுக்கு பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 4,000 மில்லிகிராம்தான் உச்சம், தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அந்த அளவுகூட அதிகம். இரண்டு அட்டையையும் காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு எங்களோடு சண்டை போடுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மதியம் 2 மணியிலிருந்து 4 மணிவரை கடையில் கூட்டம் இருக்காது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் சீட்டோடு ஒரு பையில் போட்டு அந்த நேரத்தில் கொண்டுவாருங்கள். எது எதற்கு, எதில் விலை குறையும் என்று உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் காசு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் தெரு மருந்துக்கடையினர்