இராமேசுவரம் யாத்திரிகர் மடத் திருப்பணி நிறைவு அறிக்கை

பேரன்புடையீர், வணக்கம்.

நம் முன்னோர் இராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்கென எழுப்பிய மடத்தின் திருப்பணி, அருள்மிகு இராமநாத சுவாமி, பர்வதவர்த்தினி அம்பாள் திருவருளால் இனிதே நிறைவுற்றது.

சுவர்களில் உப்புப் பூத்து, கைபட்டாலே பூச்சு பொடியாக உதிர்ந்த நிலையில்தான் பணியைத் தொடங்கினோம். முன்பு பழுதுபார்த்தவர்கள் பழைய சுண்ணாம்புக் காரையின் மேல் சிமெண்ட் பூசியிருந்தனர். கடற்காற்றின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்திருந்தது. ஆகவே சிமெண்ட் முழுவதையும் கொத்தி நீக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் காரையைப் பூசினோம். காலதாமதம் குறித்து உறுப்பினர் சிலர் வருந்தியதை அறிவோம். எனினும் ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முகப்பில் வளைவு கட்டவேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல், அத்தொகையை உடைமாற்றும் அறைகளுக்குச் செலவிட்டோம். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலினுள் 22 தீர்த்தங்களிலும் நீராடியவர்கள், ஈர உடையை மாற்றிய பின்னரே சன்னிதிக்குச் செல்ல வேண்டும். வடநாட்டு மூதாட்டி ஒருவர், மகள் விரித்துப் பிடித்த சேலையின் மறைவில், நடுங்கும் விரல்களால் கொசுவம் செருக முயன்றதை நம் திண்ணையிலேயே கண்ட நாளில் இம்முடிவு உறுதியாயிற்று.

அப்பரும் சம்பந்தரும் பாடிய இத்தலம், 12 ஜோதிர்லிங்கங்களுள் தமிழகத்தில் உள்ள ஒரே தலமாகும். சீதாபிராட்டி மணலால் பிடித்த லிங்கமே மூலவர் என்றும், அனுமன் கயிலையிலிருந்து கொணர்ந்த விசுவலிங்கத்துக்கே முதல் பூசை என்றும் தலபுராணம் கூறும். சேது மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்த பின்னரே காசி யாத்திரை நிறைவுறும் என்பது மரபு. 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தை 18ஆம் நூற்றாண்டில் நிறைவுசெய்த சேதுபதிகள், யாத்திரை வழியில் சத்திரங்களும் அமைத்தனர். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும்வரை, நெடுவழி நடந்தவர்கள் இறுதியில் படகேறித்தான் தீவை அடைந்தனர். அவ்வாறு களைத்து வருவோருக்கு நிழலும் நீரும் தரும் அந்த அறத்தின் சிறு பங்கே நம் மடம்.

கிணறும் தூர்வாரப்பட்டுள்ளது. துருப்பிடித்த இரும்புக் கீல்களுக்குப் பதிலாகப் பித்தளைக் கீல்கள் பொருத்தியுள்ளோம். வரவு செலவுக் கணக்கு, ரசீதுகளுடன் மடத்தின் அலுவலகத்தில் உறுப்பினர் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. கொல்லைப்புறக் கதவு ஒன்று மட்டும் தச்சரிடம் உள்ளது. அது வந்ததும் பொருத்தப்படும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்