மூன்றாம் நம்பர் பஜார் மாஷிக்கும், உங்கள் எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். அந்தமான் போய், காற்றில் கப்பல் நின்றுபோனதால் மாட்டிக்கொண்ட நாங்கள் நாலு பேரும் நேற்று சாயங்காலம் கடலூர் வந்து சேர்ந்துவிட்டோம். அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த எங்கள் தோழி இப்போது அவள் வீட்டில், ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் எங்களைவிட அதிகமாக அலைந்திருக்கிறீர்கள், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் மாஷிக்கு.

ஹேவ்லாக் தீவில், இப்போது சுவராஜ் தீவு என்று பெயர், கடற்கரைகளுக்கு நம்பர்தான் அடையாளம். ராதாநகர் ஏழாம் நம்பர். நாங்கள் மாட்டிக்கொண்டது மூன்றாம் நம்பர் பஜார் பக்கம். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை, அதில் ஒரு வங்காளி அம்மா. அந்தத் தீவில் பெரும்பாலும் அந்தக் காலத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள்தான். எல்லோரும் அவரை மாஷி என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அம்மா கூடப் பிறந்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நாம் பெரியம்மா, சித்தி என்கிறோமே, அது.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் இழுத்து 2020இல் நல்ல இணைப்பு வந்த தீவுதான் அது. ஆனாலும் கப்பல் நின்றுபோன அந்த இரண்டு நாள் காற்றில் எங்கள் நாலு பேர் போனிலும் ஒரு கோடுகூட நிற்கவில்லை. மாஷியிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. பின்மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் சுற்றியது, அஞ்சாம் நம்பர் தேய்ந்தே போயிருந்தது. அதில் மட்டும் இரண்டு கோடு. நான் கேட்கவே இல்லை. அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து அவராகவே என் கையில் வைத்தார்.

எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில். வீட்டிலிருந்து நடந்தால் சில்வர் பீச் பத்து நிமிஷம்கூட இல்லை, ஆனால் 2004 டிசம்பருக்கு அப்புறம் அம்மா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. அப்படிப்பட்டவர் என்னைக் கடல் தாண்டி அனுப்பியதே பெரிய விஷயம். இந்தச் சமயத்தில் போனும் கிடைக்காமல் போயிருந்தால் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்னும் பயமாக இருக்கிறது. அங்கே அஞ்சரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடுகிறது, நமக்குக் கிழக்கே ரொம்பத் தள்ளி இருந்தாலும் கடிகாரம் நம் கடிகாரம்தானே. "இருட்டிடுச்சும்மா" என்று நான் சொன்னதற்கே, இங்கே வெளிச்சம் இருக்கிறதே என்று அம்மா பதறிவிட்டார்.

மாஷி அம்மாவின் நம்பரைக் காலண்டர் பின்னால் அவர்கள் எழுத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், நடுராத்திரியில்கூட. மாஷி ஒரு தடவையும் எடுக்காமல் விடவில்லை. இவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. "மேயே பாலோ, மேயே பாலோ" என்று மாஷி சொல்லியிருக்கிறார். பொண்ணு நல்லா இருக்கு என்று அர்த்தம். அம்மாவுக்கு விளங்கியது 'பால்' மட்டும். "சரி, பால் குடுத்துப் பாத்துக்குறாங்கன்னு நினைச்சேன், அப்புறம்தான் கொஞ்சம் கண்ணை மூடினேன்" என்கிறார். கிளம்பும்போது பணம் நீட்டினேன். என் கையை அப்படியே மடித்து மூடிவிட்டார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். போன வருஷம் ஒரு மழை நாள், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு வடக்கத்திப் பையன், சிப்காட்டில் வேலை பார்க்கிறவன் போல இருந்தான், என் போனைக் காட்டிக் காதில் கை வைத்துக் காட்டினான். பேலன்ஸ் இல்லை என்று கையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டேன். பேலன்ஸ் இருந்தது. மாஷி கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராத்திரி முழுக்க அந்தப் பையன் முகம்தான். அவன் வீட்டிலும் யாராவது போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இனிமேல் யார் கேட்டாலும் கொடுப்பேன். போன் போனால் போகட்டும்.

அப்புறம், அவளை விட்டு நகராமல் இருந்த டாக்டருக்கும் நர்ஸ் அக்காவுக்கும், கப்பலில் படுக்க இடம் விட்டு எழுந்து நின்றவர்களுக்கும், கூடுதல் நாட்களுக்கு வாடகை வாங்காத லாட்ஜ்காரருக்கும், போர்ட் பிளேரில் எங்கள் தமிழைக் கேட்டதும் ஆட்டோவை நிறுத்திய அண்ணனுக்கும், டிக்கெட்டுக்குப் பணம் போட்ட ஆபீஸ் நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் வந்து படுத்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், செய்தியைப் பகிர்ந்த ஒவ்வொருவருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள், தலை இன்னும் கப்பலிலேயே ஆடுகிறது.

அம்மா தன் போனில் அந்த நம்பரைத் 'தீவு அக்கா' என்று போட்டு வைத்திருக்கிறார். காலையிலேயே பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ வாங்கிவரச் சொல்லிவிட்டார், பார்சல் அனுப்ப. உள்ளே ஒரு கடுதாசி வைக்க வேண்டுமாம், அதுவும் மாஷி படிக்கிற எழுத்தில். கடலூரிலோ பாண்டியிலோ வங்காளம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பொண்ணு வீடு வந்து சேர்ந்துவிட்டாள், நல்லா இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.