அலுவலகச் சுவரில் வைஃபை கடவுச்சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு தொடங்கிவிட்டால் டெல்டா மாவட்டங்களின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் பொதுச் சேவை மையங்களிலும் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு விவசாயிகள் வரிசையில் நிற்கிறார்கள். அவை அனைத்தும் ஸ்கேன் செய்யப்பட்டு அங்குள்ள கணினியில் சேர்கின்றன. திருவாரூர் மாவட்டத்தில் கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்யும் நான் இத்தகைய இடங்களில் அடிக்கடி காண்பது, வைஃபை கடவுச்சொல்லைத் தாளில் பெரிதாக எழுதி, வந்தவர் அனைவரும் படிக்கும்படி கவுண்டருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதைத்தான்.

சர்வர் வேலை செய்யாமல் மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு இணையம் கொடுப்பது நல்ல காரியம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அலுவலகக் கணினியும் பிரிண்டரும் இருக்கும் அதே இணைப்பில் அவருடைய கைபேசியும் சேரும்போது, ஊழியர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளத் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைத் தேடிப் பார்க்க வெளியாருக்கும் வழி கிடைத்துவிடுகிறது. இன்று விற்பனையாகும் பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் உருவாக்கும் வசதி இருக்கிறது. அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும், அலுவலகக் கணினிகள் கண்ணில் படா. பத்து நிமிட வேலை, செலவும் இல்லை. சுவரில் ஒட்டுவதென்றால் அந்தக் கடவுச்சொல்லை ஒட்டலாம்.

கடவுச்சொல்லாகப் பலர் வைத்திருப்பது அலுவலகத் தொலைபேசி எண். பெயர்ப் பலகையிலேயே இருக்கும் எண்ணை ஊகிப்பது யாருக்கும் கடினமல்ல. செயலாளரின் சொந்தக் கைபேசி எண்ணை வைத்தாலும் காப்பு இல்லை. இப்போது பரவலாக உள்ள டபிள்யூ.பி.ஏ.2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், ஒரு கருவி வைஃபையில் சேரும் தருணத்தில் நடக்கும் தகவல் பரிமாற்றத்தை வெளியே தெருவில் இருந்தபடியே பதிவு செய்துகொண்டு, பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்க முடியும். பத்து இலக்கக் கைபேசி எண்கள் அனைத்தையும் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினி சில மணி நேரத்தில் சோதித்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் இந்த வழி ஏறக்குறைய அடைபடும். அதற்கு அடுத்து வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையில் மட்டும் இயங்கும்படி அமைத்த ரவுட்டரில் இப்படிப் பதிவு செய்து பிறகு சோதிப்பதற்கே இடமில்லை.

பழைய ரவுட்டர்களில், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்தே வைஃபையில் சேரவிடும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியையும் அணைத்துவிட வேண்டும். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால், கோடிக்கணக்கில் முயலாமல் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய நிறுவனம் முதலில் கொடுத்த கடவுச்சொல்லையும் மாற்றியாக வேண்டும்.

நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரது வீட்டின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் அந்த வீட்டுக்கே போனது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் காவல்துறை முதலில் தேடி வரும்.

எனவே கூட்டுறவுத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் அடுத்த பதிவுக் காலத்துக்கு முன் தெளிவான சுற்றறிக்கை ஒன்றை அனுப்ப வேண்டும். விருந்தினர் வைஃபையைப் பிரிப்பதும், ஊழியர் மாறுதலாகும்போதும் தற்காலிகப் பணியாளர் விலகும்போதும் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுவதும் யாருடைய பொறுப்பு என்பதை அதில் பதவி குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இணைப்பு கொடுக்க வரும் நிறுவன ஊழியர்களும் கேபிளைச் செருகி விளக்கு எரிவதைக் காட்டியதோடு கிளம்பிவிடாமல், இந்த அமைப்புகளைச் செய்து கொடுத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினித் தொழில்நுட்பர் ஒருவர்,
மன்னார்குடி.