டப்பாவில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்லுங்கள்

சத்து மாத்திரைகளுக்கும் மூலிகை கேப்ஸ்யூல்களுக்கும் உரிமம் கொடுத்து, அவற்றின் விளம்பரங்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருக்கிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஈரோடு மாவட்டத்துக்காரன். அப்பா நாற்பது வருடம் மஞ்சள் போட்டவர். கிழங்கை வேக வைத்துக் களத்தில் காயப்போட்டு, டிரம்மில் போட்டு பாலீஷ் பண்ணி, மூட்டை பிடித்து மண்டிக்குக் கொண்டுபோய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஆறு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன், உடம்பு விறைத்து அசைவு குறைந்துபோகும் நரம்பு நோய். மாத்திரை சாப்பிடும் நேரம் அரை மணி தள்ளிப்போனாலே சட்டைப் பொத்தான் போட விரல் வராது. எங்கள் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எல்லாமே நடக்கும்.

போன பங்குனியில் அவர் செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். மஞ்சளில் இருக்கும் குர்குமின், மிளகுச் சாறு, இன்னும் சில மூலிகைகள், எல்லாம் சேர்ந்து நரம்புச் செல்களை அழற்சியிலிருந்து காக்கும், செத்த செல்லையும் உயிர்ப்பிக்கும் என்று. அப்பாவுக்கு வேறு என்ன வேண்டும்? தன் காட்டில் விளைந்த பொருள். எங்களிடம் சொல்லாமல் மூன்று டப்பா வரவழைத்துவிட்டார். போனில் பேசிய விற்பனைக்காரர் நரம்புக்குப் பூனைக்காலி என்ற மூலிகை விதையும் சேர்த்திருக்கிறோம், இங்கிலீஷ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு வேளையாக இருந்த மாத்திரை இரண்டு வேளை ஆனது. அப்புறம் ஒரு வேளை. அப்புறம் அதுவும் இல்லை.

ஒருநாள் விடிகாலை நாலரை மணி இருக்கும், அம்மா கூப்பிட்டு ஓடினேன். குளியலறை நிலைப்படிக்கு முன்னால் அப்பா நிற்கிறார். கால் எழவில்லை. தரையோடு ஒட்டிப்போன மாதிரி நிற்கிறார், உடம்பு முன்னால் சாய்கிறது, கை நிலையைப் பிடித்திருக்கிறது, விரல் வெளுத்திருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வேட்டி நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ போ கண்ணு, நான் வந்தர்றேன்" என்றார். பிசியோதெரபி அம்மா முன்பு சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, கைத்தடியை எடுத்து அவர் காலுக்கு முன்னால் குறுக்காக வைத்தேன். கண்ணுக்கு ஒரு கோடு தெரிந்தால் கால் அதைத் தாண்டும், இந்த நோயில் அப்படி ஒரு வழி இருக்கிறது. தாண்டினார். அந்த ஒரு அடிக்கு அவர் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன்.

அன்றைக்கே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் திட்டவில்லை. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், நல்லவேளை அதுவரை போகவில்லை என்றார். பிறகு டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல பூனைக்காலி எவ்வளவு இருக்கு?"

நாங்கள் யாரும் பதில் சொல்ல முடியவில்லை. லேபிளில் "மூலிகைக் கலவை 500 மி.கி." என்று மட்டும்தான் இருக்கிறது.

பூனைக்காலி ஏதோ பாட்டி வைத்தியம் இல்லை. அப்பா சாப்பிடுகிற மாத்திரையில் இருக்கும் அதே லெவோடோபா அந்த விதையில் இயற்கையாகவே இருக்கிறது. 1937இலேயே மதராசில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது 30 கிராம் பூனைக்காலிப் பொடி வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரமே வேலை செய்தது. அதாவது உள்ளே இருப்பது நிஜமான மருந்து. நிஜமான மருந்து என்றால் அளவு வேண்டும். விதையை அப்படியே பொடித்துப் போட்டால் ஒரு அளவு, சாறு இறக்கிக் கெட்டியாக்கிப் போட்டால் பல மடங்கு. குறைந்தால் கால் நகராது, கூடினால் கைகால் தானாக ஆடும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அளவே எழுதாத டப்பாவை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் மாத்திரையைக் கணக்குப் பண்ணுவார்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு மூலிகையும் அதன் வேலை செய்யும் பொருளும் ஒரு கேப்ஸ்யூலில் எத்தனை மில்லிகிராம் என்று டப்பாவில் எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் விற்றால் தமிழில், என் அப்பா வயசுக்காரர் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில். "நரம்பைக் காக்கும்" என்று போட்டால், அது எதில் பார்த்தது, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்றும் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.

இந்த மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. மூளையில் மைக்ரோக்ளியா என்று காவல்கார செல்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் கொதித்துக்கொண்டே இருந்தால் அவை கக்கும் பொருள்களே பக்கத்து நரம்புச் செல்லைக் கெடுக்கும். கண்ணாடித் தட்டில் குர்குமினை ஊற்றினால் அந்தக் கொதிப்பு அடங்குகிறது, எலியிலும் நல்ல பலன் வந்திருக்கிறது. ஆனால் மஞ்சளில் குர்குமினே நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். சாப்பிட்டதில் பெரும்பகுதியைக் குடலும் ஈரலும் மாற்றி வெளியே தள்ளிவிடும், ரத்தத்துக்கு வருவதே சொற்பம், மூளைக்கு எவ்வளவு போகும்? 2008இல் ஹாங்காங்கில் அல்சைமர் என்கிற மறதி நோய் உள்ள 34 பேருக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், 2012இல் கலிபோர்னியாவில் 36 பேருக்கு 24 வாரம். இரண்டிலும் பலன் இல்லை. 2018இல் அதே கலிபோர்னியாவில், மறதி நோய் வராத 40 பேரை வைத்து, உடம்பில் ஏறும்படி தயாரித்த ஒரு வகைக் குர்குமினை 18 மாதம் கொடுத்தபோது ஞாபகசக்தி கூடியது என்றார்கள். இதையும் நான் மறைக்கவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், இன்னும் பெரிதாக நடக்கட்டும், பலித்தால் முதலில் சந்தோஷப்படுவது எங்கள் வீடுதான். ஆனால் 40 பேரில் பார்த்த ஒன்றைக் கோடிப் பேருக்கு உறுதிமொழியாக விற்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை இப்படித்தான் உலகமெல்லாம் மூளைக்கு நல்லது என்று விற்றார்கள். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரை ஆறு வருடம் பார்த்தபின், மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது.

செடி மருந்து என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். பனித்துளிப் பூ என்கிற செடியிலிருந்து வந்த கேலன்டமைன் இன்றைக்கு அல்சைமருக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற மாத்திரை. அதில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கிறது, பக்கவிளைவு எழுதியிருக்கிறது. அந்த மரியாதையை நம் மஞ்சளுக்கும் பூனைக்காலிக்கும் ஏன் கொடுக்கக் கூடாது?

மிளகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், மிளகில் இருக்கும் பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் இருபது மடங்கு உடம்பில் சேர்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எல்லாக் கேப்ஸ்யூலிலும் மிளகுச் சாறு. ஆனால் பைப்பரின் மற்ற மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவையும் கூட்டும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் அதில் ஒன்று. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022இல் எழுதினார்கள், ஒருவர் இறந்திருக்கிறார். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் கிடையாது. அடக்கிச் செறிவாக்கிய மாத்திரை வேறு. "நம்ம மஞ்சள்தானே கண்ணு, அது என்ன பண்ணிரும்" என்று கேட்ட அப்பாவுக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்லியிருக்க வேண்டும்?

புகார் கொடுத்தாயா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில் இது உணவு வகையில் வரும், எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் மூலிகை இருப்பதால் அது மருந்து, அங்கே போங்கள் என்றார்கள். டப்பாவின் முன்பக்கத்தில் நரம்புச் செல்லைக் காக்கும் என்று கொட்டை எழுத்து, பின்பக்கத்தில் எறும்பு மாதிரி எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று இங்கிலீஷில். விற்கும்போது மருந்து, கேள்வி கேட்டால் உணவா? 1954இல் போட்ட மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் 54 நோய்களில் பக்கவாதம் இருக்கிறது, நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. எழுபது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரத்துக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற, மருந்து விதிகளின் 170ஆம் விதி 2018இல் வந்ததும், 2024இல் அதை நீக்கி அறிவிப்பு வந்ததும், உச்ச நீதிமன்றம் வரை விஷயம் போனதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மஞ்சள் நாட்டுக்காரன் என்பதால் இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. கிழங்கு பளபளவென்று இருக்க ஈய குரோமேட் என்ற, ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சிலர் பூசுகிறார்கள். ஈயம் மூளைக்கும் நரம்புக்கும் விஷம், குழந்தைகளுக்கு ரொம்பவே. 2024இல் வெளிவந்த ஆய்வில் பாட்னாவில் வாங்கிய மாதிரிகளில் ஈயம் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. வங்கதேசத்தில் 2019இல் 47 சதவீத மாதிரிகளில் ஈயம் இருந்தது. அரசு சந்தையில் இறங்கிச் சோதித்தது, அபராதம் போட்டது, ஊரெல்லாம் சொன்னது, 2021இல் அது பூஜ்யம் ஆனது. இரண்டே வருடம். நரம்பைக் காக்கும் மஞ்சள் என்று விளம்பரம் ஓடுகிற நாட்டில் நரம்பைக் கெடுக்கும் மஞ்சளைப் பிடிக்க நமக்கு இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? நேர்மையாக விளைவித்து, நிறம் மங்கலாக இருக்கிறது என்று குறைந்த விலைக்கு விட்டுக்கொடுத்த என் அப்பா மாதிரி விவசாயிகளுக்கு யார் பதில் சொல்வது?

குரலை உயர்த்திவிட்டேன், மன்னியுங்கள். ஈய விவகாரம் தனியாகப் பேச வேண்டியது, அதற்கு இன்னொரு மடல் எழுதுகிறேன். இப்போது கேட்பது டப்பா விஷயம் மட்டும்தான். எத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்லுங்கள். எதில் சோதித்தது என்று எழுதச் சொல்லுங்கள். கூடவே, "டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்ற ஒரு வரியை முன்பக்கத்தில், அந்தக் கொட்டை எழுத்திலேயே போடச் சொல்லுங்கள். உணவா மருந்தா என்று உங்களுக்குள் முடிவாகும் வரை இரண்டு துறையில் யாராவது ஒருவர் புகாரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது பழையபடி நான்கு வேளை மாத்திரை சாப்பிடுகிறார். நடை முழுதாகத் திரும்பவில்லை. குளியலறை வாசலில் அம்மா வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறார், அதைப் பார்த்துத் தாண்டுகிறார். மீதி இரண்டு டப்பாக்களும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உங்களில் யார் கேட்டாலும், எந்த ஊராக இருந்தாலும், நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மஞ்சள் விவசாயியின் மகன்