பிக்அப் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்அப் (தந்தியின் ஆட்டத்தை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) மாற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, இரண்டு இடங்களைத் தவிர. வேறு வேறு கம்பெனிப் பிக்அப்களைப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஆன் செய்யும்போது சத்தம் மெலிந்து மூக்கால் பேசுவது மாதிரி கேட்டால், பிக்அப் தரமில்லை, தூக்கிப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். பாவம் அந்தப் பிக்அப்! தனித்தனியாக வாசித்தால் இரண்டும் கணீரென்று ஒலித்து, சேர்த்தால் மட்டும் கனம் காணாமல் போகிறதென்றால், இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

தந்தி ஆடும்போது ஒரு பிக்அப் சிக்னலை மேலே தள்ள, இன்னொன்று அதே நேரத்தில் கீழே இழுக்கிறது. கீழ்ச்சுரங்களில் இரண்டு பிக்அப்புக்கு மேலேயும் தந்தி ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடுவதால் அவை ஒன்றையொன்று தின்றுவிடும். மேலே உள்ள ஹார்மோனிக்குகள், அதாவது அதே சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள், இடத்துக்கு இடம் வேறுபடுவதால் தப்பித்துவிடும், அந்தக் கீச்சுக்குரல் அதுதான். ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம் இருந்தால் ஒன்றை மட்டும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், கனம் திரும்பி வரும்.

ஃபேஸை முடிவு செய்பவை இரண்டு: காயில் என்ற கம்பிச் சுருளின் திசை, காந்தத்தின் எந்த முனை தந்தியைப் பார்க்கிறது என்பது. ஒன்று மட்டும் மாறினால் ஃபேஸ் புரளும். இரண்டும் மாறினால் சிக்னல் ஒன்றுசேரும், ஆனால் ஹம் என்ற மின்சார இரைச்சல் மட்டும் தனக்குத்தானே அடிபட்டுப் போகும், ஏனென்றால் ஹம்முக்குக் காந்தம் வேண்டாம், காயில் போதும். கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த சேத் லவர் 1955-இல் காப்புரிமை கேட்ட ஹம்பக்கரின், அதாவது இரட்டைக் காயில் பிக்அப்பின், சூட்சுமமும் இதுதான்.

சிக்கல் பெரும்பாலும் ஒயர் நிறத்தில்தான் தொடங்குகிறது. ஃபெண்டர் கம்பெனி பாணி சிங்கிள் காயிலில் (ஒரே காயில் உள்ள பிக்அப்) வெள்ளை ஹாட், அதாவது சிக்னல் ஒயர், கறுப்பு கிரவுண்ட். செய்மோர் டங்கன் கம்பெனியின் நான்கு ஒயர் ஹம்பக்கரில் கறுப்புதான் ஹாட், பச்சை கிரவுண்ட். டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட். பழக்கதோஷத்தில் கறுப்பைக் கிரவுண்டில் வைத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சோல்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஹாட் ஒயரில் சிவப்பு முனையையும் கிரவுண்டில் கறுப்பு முனையையும் மாட்டுங்கள். ஓர் இரும்பு ஸ்க்ரூட்ரைவரைப் பிக்அப் மேல் ஒட்ட வைத்து, எண் நிலைத்ததும் வெடுக்கென்று பிடுங்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். அடுத்த பிக்அப்பிலும் இதையே செய்யுங்கள். இரண்டும் ஏறினால், அல்லது இரண்டும் இறங்கினால் சரி. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் ஏதாவது ஒரு பிக்அப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் போதும்.

போதும் என்றேனே, அங்கேதான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கழுத்துப் பக்கம் உலோக மூடி போட்ட சிங்கிள் காயில். ஒயரை மாற்றிவிட்டுப் பெருமையாக ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்தால், மூடியில் விரல் பட்டாலே கர்ரென்று இரைச்சல், தந்தி அதில் பட்டால் சத்தமே செத்துவிடுகிறது. காரணம், அந்த மூடி உள்ளுக்குள் கிரவுண்ட் ஒயரோடு இணைந்திருந்தது. ஒயரை மாற்றியதும் மூடியே ஹாட் ஆகிவிட்டது. அந்தச் சின்ன இணைப்பை வெட்டி, மூடிக்கு மூன்றாவதாக ஓர் ஒயரைக் கிரவுண்டுக்கு இழுத்த பிறகுதான் அடங்கியது. வெளியே வலை போட்ட ஒற்றை ஒயருடன் வரும் பழைய பாணி ஹம்பக்கரில் இந்த மாற்று வேலையே ஆகாது, உள்ளே இருக்கும் பட்டைக் காந்தத்தைத்தான் திருப்பிப் போட வேண்டும். ஆனால் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் பாணிப் பிக்அப்பின் காந்தக் குச்சிகளைத் தள்ளிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், பலவற்றில் காயில் நேராக அவற்றின் மேலேயே சுற்றியிருக்கும், அறுந்தால் போச்சு.

இரண்டாவது பிழை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் சுவிட்சில் 2, 4 நிலைகளில் வரும் சத்தத்தை 'அவுட் ஆஃப் ஃபேஸ்' (எதிரெதிர் ஃபேஸ்) என்கிறது கட்டுரை. வாசிப்பவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அங்கே இரண்டு பிக்அப்பும் ஒரே ஃபேஸில், இணையாக இருக்கின்றன. உண்மையான அவுட் ஆஃப் ஃபேஸ் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டுமானால் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வாசித்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரைக் கேளுங்கள்: கழுத்துப் பக்கப் பிக்அப்பில் காந்தம் தலைகீழாக இருந்ததால் வந்த குரல் அது. குயின் குழுவின் பிரையன் மே தன் கிட்டாரில் மூன்று பிக்அப்புக்கும் தனித்தனி ஃபேஸ் சுவிட்சே வைத்துக்கொண்டார். கட்டுரையாளர் தூக்கிப்போடச் சொன்ன பிக்அப்பை யாராவது தூக்கிப்போட்டிருந்தால், தயவுசெய்து குப்பையிலிருந்து எடுத்து வந்து ஒருமுறை ஸ்க்ரூட்ரைவர் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்