பொதுக் குழாய்நீரும் போய்ச்சேராத அறிவித்தலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி மாவட்டத்தில், 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேறியோருக்கென அமைக்கப்பட்ட வீட்டுத்திட்டமொன்றில் வசிக்கிறேன். எங்கள் குழாய்க்கிணற்று மோட்டருக்கு ஒரேயொரு பொது மின்மானியே இருப்பதால், சில குடும்பங்கள் பங்குப்பணம் செலுத்தாத மாதத்தில் சிவப்பு அறிவித்தல் வந்து மின்சாரம் துண்டிக்கப்பட, செலுத்தியவர்களின் குழாயும் சேர்ந்தே வறண்டுவிடுகிறது. போரில் சரிந்த கிளிநொச்சி நீர்த்தாங்கியைக் கண்டவர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறை கணக்கிலும் தகவலிலுமே உள்ளது. நீர்வெட்டும் கூட்டத் திகதியும் வட்ஸ்அப்பில் மட்டும் பகிரப்படுவதால், சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் முதியவர்கள் அவற்றை அறிவதேயில்லை. மின்பட்டியலின் பிரதியையும், பெயரின்றி வீட்டிலக்கத்துடன் நிலுவைகளையும் பொதுநோக்கு மண்டபப் பலகையில் மாதந்தோறும் ஒட்டி, நீர்வெட்டைக் கோயில் ஒலிபெருக்கியில் முதல்நாளே அறிவிக்குமாறு எமது பாவனையாளர் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
குடியிருப்பாளர் ஒருவர்,
கிளிநொச்சி.