காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்: அறிவியல் வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

'வைரஸ் உயிருள்ளதா, உயிரற்றதா? காரணம் கூறுக' என்று பருவத் தேர்வில் 5 மதிப்பெண்ணுக்குக் கேட்டீர்கள். 'உயிரற்றது' என்ற விடையை மட்டும் ஏற்கும்படி விடைக்குறிப்பு அனுப்பியதும் அதன் பிறகு எழுந்த முணுமுணுப்பும் உங்களுக்குத் தெரியும். ஏத்தாப்பூர் பக்கம் மரவள்ளி பயிரிடுபவன் நான். என் மகளுக்கு அந்தக் கேள்வியில் கிடைத்தது பூஜ்யம்.

விடைத்தாளைப் பார்த்தேன். வைரஸுக்குச் செல் இல்லை, சுவாசம் இல்லை, வளர்ச்சி இல்லை. தனியே கிடக்கையில் அது வெறும் துகள் என்பது முதல் பத்தி. இரண்டாவது பத்திக்கு எங்கள் காட்டையே இழுத்து வந்திருக்கிறாள். வைரஸால் வரும் தேமல் நோய் கண்ட மரவள்ளிச் செடியில் தண்டுக் கரணை வெட்டி நட்டால் துளிர்க்கும் இலையே மஞ்சள் திட்டோடு சுருண்டு வருகிறது. வெள்ளை ஈ அதில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடியில் உட்கார்ந்தால் அங்கும் அதே கதி. ஆக, செடிக்குள் வைரஸ் பெருகுகிறது, தலைமுறை தலைமுறையாக மாறவும் செய்கிறது என்று எழுதி, 'இரண்டுக்கும் இடைப்பட்டது' என முடித்திருக்கிறாள். அதன்மேல் மூலைக்கு மூலை சிவப்பு மையில் ஒரு கோடு. பேனாவை அழுத்திய அழுத்தில் கோட்டின் முனையில் தாள் கிழிந்திருந்தது.

திருத்திய ஆசிரியர் மீது எனக்கு வருத்தமில்லை. குறிப்பை மீறினால் அவருக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எங்கள் கிழங்கை ஆலையில் பாயிண்ட் பார்த்து வாங்குகிறார்கள்; மாவுச்சத்து குறைந்தால் விலை குறையுமே தவிர, லோடு முழுவதையும் குப்பையில் கொட்டுவதில்லை. காரணத்தைப் படித்து மதிப்பெண் கொடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன்.

புகையிலைத் தேமல் வைரஸை 1935இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டெல் ஸ்டான்லி, உயிரற்ற பொருளைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். படிகமான பிறகும் அது செடியைத் தாக்கியது. அவருக்கு 1946இல் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கானது. 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் குளிர்விப்புக் கோபுர நீரில் கிடைத்த ஒன்றைப் பாக்டீரியா என்றே நினைத்திருந்தார்கள். அது மிமிவைரஸ் என்னும் ராட்சத வைரஸ் என்று 2003இல்தான் உலகுக்குத் தெரிந்தது. இன்றும் ஓயாத இந்த வழக்கை ஒற்றைச் சொல்லில் தீர்த்துவைத்த உங்களுக்கு, நோபல் பரிசு வழங்கும் ஸ்டாக்ஹோமிலிருந்து இன்னும் அழைப்பு வராததுதான் வியப்பு.

நுண்ணோக்கியை உறை கழற்றாமல் அலமாரியில் பூட்டி வைக்கிறோம். செய்முறை நோட்டில் படத்தைப் பார்த்துப் படம் வரையச் சொல்கிறோம். பிறகு பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள் என்று மேடையில் அங்கலாய்க்கிறோம். சொந்தமாக யோசித்து எழுதும் பிள்ளைக்குப் பூஜ்யம் என்றால் அடுத்த தேர்வில் அவள் எதை எழுதுவாள்? ஒற்றைச் சொல்தான் வேண்டுமென்றால் 'காரணம் கூறுக' என்று எதற்காகக் கேட்டீர்கள்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடைக்குறிப்பைத் திருத்தி, எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் தரலாம் என்று பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியல் இறுதியாவதற்குள் அது வந்து சேரும்படி செய்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மரவள்ளி விவசாயி,
ஏத்தாப்பூர், சேலம் மாவட்டம்